கேமராவை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

பயிற்சி மையம் தொடங்குகிற எவனுக்கும் யாரும் வரமாட்டார்களோ என்று பயமாக இருக்கும். எனக்கு யாராவது வந்துவிடுவார்களோ என்று பயம்.

என் பெயர் சத்யநாராயணன். வயது நாற்பத்தொன்பது. கேளம்பாக்கம் தாண்டி ஒரு மென்பொருள் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் எச்.ஆர். வேலை பார்த்தேன். ஆள் எடுப்பதில் ஆரம்பித்து ஆளை அனுப்புவதில் முடிந்த வேலை. போன வருஷம் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்கும் மத்தியானம் இரண்டுக்கும் நடுவில், அறுபத்து மூன்று பேரை வேலையைவிட்டு அனுப்பினேன். வீட்டில் உட்கார்ந்தபடியேதான். ஒவ்வொருவரையும் வீடியோ காலில் கூப்பிட வேண்டும், ஆனால் என் கேமரா அணைந்திருக்க வேண்டும், எழுதி வைத்ததை மட்டும் வாசிக்க வேண்டும், நான்கு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. எதிரில் இருப்பவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. திரையில் 'எச்.ஆர். ஆபரேஷன்ஸ்' என்று மட்டும் வரும். வாசிக்க வேண்டியதை எழுதி வைத்தவனும் நான்தான். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகூடக் கிடைத்தது.

ஏழு மாதம் கழித்து என் முறை வந்தது. ஒரு பெண் குரல், முகம் காட்டாமல், நான் எழுதியதையே எனக்கு வாசித்துக் காட்டியது. இரண்டாவது பத்தியில் அந்தப் பெண் ஒரு வரியை விட்டுவிட்டாள். எடுத்துக் கொடுக்கலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஜன்மம் நான்.

அதற்கப்புறம் என் வயதைக் கேட்டதுமே எல்லோரும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். வேலை யாரும் தரவில்லை. என் மனைவி காமு சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"இத்தனை வருஷம் இன்டர்வியூ எடுத்திருக்கேள். எதிர்ல உக்காந்தவாளுக்கு என்ன வேணும்னு உங்களவிட யாருக்குத் தெரியும்? ஒரு கோச்சிங் சென்டர் ஆரம்பியுங்கோ. உங்க குரல் ஒண்ணே போறும், கணீர்னு இருக்கு" என்றாள்.

அந்தக் குரல்தான் தொல்லை. கம்பெனியில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த அறுபத்து மூன்று பேரும் என் குரலைக் கேட்டிருக்கிறார்கள். வாழ்க்கையில் மறக்க முடியாத நான்கு நிமிஷம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் எங்கே போய்விட்டார்கள்? பல்லாவரம், பம்மல், மேடவாக்கம், ஊரப்பாக்கம் என்று என்னைச் சுற்றியேதான் இருக்கிறார்கள். வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிறேன் என்று நான் போர்டு மாட்டினால் வேறு யார் வருவார்கள்?

இதைக் காமுவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. மையத்துக்கு 'நேர்முகம்' என்று அவளே பெயர் வைத்தாள். என் முழுப்பெயர், போன் நம்பர், விலாசம் எல்லாம் போட்டு நூறு லெட்டர்ஹெட் அச்சடித்துக் கொண்டுவந்தாள். நான் அந்தக் கட்டைப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். போர்டில் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசாரித்து வந்த போன்களில் தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு பேசினேன். ஓர் அம்மாள், "உங்களுக்கு உடம்பு முடியல போல இருக்கு சார், அப்புறமா பேசறேன்" என்று வைத்தார். அப்புறம் பேசவே இல்லை.

மையம் இருந்தது கேம்ப் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே. இரண்டு அறை, நடுவே பிளைவுட் தடுப்பு. கட்டடத்துக்காரர் ஜெயவேலு. அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல், இப்போது வரிசையாகக் கடைகள். தினம் ஒரு தடவை மாடியேறி வந்து அறையை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போவார்.

"இன்னா சார் இது, போர்டுல மூஞ்சியும் இல்ல, பேரும் இல்ல? நேர்முகம்னு மட்டும் போட்டுகினு கீறீங்க. ஜோசியக்காரரு எப்போ வருவாருன்னு ரெண்டு பேரு என்னாண்ட கேட்டுட்டாங்க."

"பேரு எதுக்குங்க, வேலை நல்லா இருந்தா போதாதா?"

"மூஞ்சிய மறைச்சிகினு கட போட்டா ஜனம் இன்னா நெனைக்கும்? எங்கியோ இன்னாவோ பண்ட்டு வந்து ஒளிஞ்சிகினு கீறான்னு நெனைக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் இறங்கிப் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

பத்து நாள் யாரும் வரவில்லை. பதினோராம் நாள், திங்கட்கிழமை காலை, படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முப்பது வயதுக்குள் ஒரு பெண், தோளில் லேப்டாப் பை. ஷேர் ஆட்டோவிலிருந்து போர்டைப் பார்த்தாளாம். வெள்ளிக்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்கிறதாம்.

கரகரத்த குரலில் உட்காரச் சொல்லி, விண்ணப்பத்தாளை நீட்டினேன். அவள் எழுதுவதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஊர், பம்மல். படிப்பு, பி.இ. முந்தைய வேலை என்ற இடத்தில் என் பழைய கம்பெனியின் பெயரை எழுதினாள். திரையில் நான்கு நிமிஷம் பார்த்த முகம் நேரில் பிடிபடவில்லை; சரி, அறுபத்து மூன்றில் ஒருத்தி, எப்படியும் ஒருநாள் வந்திருக்கத்தான் வேண்டும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பெயரைக் கடைசியில்தான் எழுதினாள். எம். ஜீவிதா.

அப்போது வந்த பயத்தைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காது அடைத்துப்போயிற்று. கீழே மெடிக்கல் ஷாப்பில் யாரோ இருமல் மருந்து கேட்டது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது.

அறுபத்து மூன்று பேரில் அறுபத்திரண்டு பேரை அனுப்பச் சொன்னவர்கள் வேறு யாரோ. எம். ஜீவிதாவை அனுப்பியது நான். நான் மட்டும்தான்.

நடந்தது இதுதான். பட்டியலில் நாற்பத்தோராவது வரியில் 'எம். ஜீவிதா' என்று இருந்தது. பக்கத்தில் எம்ப்ளாயி நம்பர். கம்பெனி டைரக்டரியில் பெயரைத் தட்டினேன், ஒரு ஜீவிதா மேலே வந்தாள், எம் என்று இருந்தது, அழுத்திவிட்டேன். நம்பரை ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து விநாடி ஆகியிருக்கும். அன்றைக்கு நாற்பது பேரை முடித்திருந்தேன், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு வேறொரு மேனேஜர் கூப்பிட்டார். எங்கள் ஜீவிதா இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு எப்போது சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார். தேடிப் பார்த்தால் இரண்டு பேர். பட்டியலில் இருந்தவள் பிறந்ததிலிருந்தே எம். நான் அனுப்பியவள் பதினோரு நாள் முன்புவரை கே. ஜீவிதா. கல்யாணம் ஆகி, அப்பாவின் எழுத்தை எடுத்துவிட்டுப் புருஷனின் எழுத்தைப் போட்டுக்கொண்டவள். நம் வீடுகளில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். என் காமுவும் செய்தாள்.

மேலதிகாரி ராகவேந்திராவுக்கு உடனே போன் செய்தேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அறுபத்து மூணு வந்துடுச்சா? வந்துடுச்சுல்ல. ரெண்டு பேரும் ஒரே கிரேடு. விட்டுடுங்க சத்யா. திருப்பிக் கூப்பிட்டு ஸாரி சொன்னா கேஸ் போடுவாங்க, மொதல்ல உங்க பேர்லதான் போடுவாங்க."

விட்டுவிட்டேன். அவ்வளவுதான். வேலை போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஏழு மாதத்தில் அந்த வேலையும் போனது வேறு கதை.

இப்போது அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

"எல்லாரும் சொல்றாங்கம்மா. தாம்பரம் ஸ்டேஷன்ல ரயில் வரதுன்னு சொல்ற குரல் மாதிரி இருக்காம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளுடைய சிக்கலை அவளே தெளிவாகச் சொன்னாள். பதினாறு மாதத்தில் ஐந்து இடங்களில் கடைசிச் சுற்று வரை போயிருக்கிறாள். டெக்னிகல் கேள்விகள் தண்ணீர் பட்ட பாடு. எச்.ஆர். சுற்றில் ஒரே ஒரு கேள்வியில் உறைந்துபோகிறாள். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி.

"விட்டேன்னு சொன்னா பொய். அனுப்பிட்டாங்கன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு எனக்கே தெரியாது சார். ரேட்டிங் எல்லாம் நல்லாதான் இருந்துச்சு. யாரையாவது எதிர்த்துப் பேசிட்டனா, யார்கிட்டயாவது மெயில்ல தப்பா எழுதிட்டனான்னு தினம் யோசிக்கிறேன். அந்த வீடியோ கால்லயும் கேட்டேன், நான் என்ன தப்பு பண்ணேன்னு. அந்த ஆள் ஒரே வரிய ரெண்டு தடவ படிச்சாரு."

அந்த வரி எனக்குத் தெரியும். இது உங்கள் திறமையைப் பற்றிய முடிவு அல்ல. கமா எங்கே வரும் என்றுகூடத் தெரியும்.

"எங்க அப்பா பம்மல்ல லேத் பட்டறை வச்சிருக்காரு. குமரவேல்னு பேரு. அவரு ஒரு காரணம் வச்சிருக்காரு சார்" என்று மறுபடியும் சிரித்தாள். "அப்பன் எழுத்த எடுத்துட்டு அவன் எழுத்த போட்ட, பதினோராம் நாள் வேல போச்சு பாத்தியான்னு சொல்வாரு. வீட்டுல எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். மோகன்ராஜ், என் வீட்டுக்காரரு, அவருகூட சிரிப்பாரு. அப்பா மட்டும் சிரிக்க மாட்டாரு."

நானும் சிரிக்கவில்லை. லேத் பட்டறைக்காரர் ஒருவர், கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார், விஷயத்தைக் கச்சிதமாகப் பிடித்துவிட்டார். அந்த உண்மை தெரிந்த ஆள் அவள் எதிரில் உட்கார்ந்து பேனாவை உருட்டிக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காமு என் கையைப் பார்த்தாள்.

"ஏன்னா, காபி டம்ளர் ஏன் இப்படி ஆடறது?"

எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு மாதமாகச் சொல்லாததைச் சேர்த்துச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்ததும் பயம்தான். எங்கள் பெண் சின்மயி காட்டாங்குளத்தூரில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் படிப்பு முடிய இன்னும் எவ்வளவு காலம் என்று காமு மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"வாயத் திறக்காதேள்" என்றாள் கடைசியில். "இப்பதான் ஆரம்பிச்சிருக்கேள். மொதல் ஸ்டூடண்ட்டே வெளில போய் சொன்னா அப்புறம் யார் அந்தப் படி ஏறுவா? நாலு நாள் இருக்கு. நன்னா சொல்லிக் குடுங்கோ. வேலை கெடைச்சுட்டா அவளுக்கும் நிம்மதி, உங்க பாவமும் கழிஞ்சுது."

கேட்கச் சௌகரியமாக இருந்தது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். செவ்வாயும் புதனும் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லிக் கொடுத்த மாதிரி என் சொந்தப் பெண்ணுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. எப்படி உட்கார வேண்டும், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று எப்படி மரியாதையாகச் சொல்வது, எல்லாம் சொன்னேன். ஆனால் என் இங்கிலீஷ் குரல் மட்டும் அவள் காதில் விழக் கூடாது. அன்றைக்கு நான் வாசித்தது இங்கிலீஷில். அதனால் கேள்விகளை அட்டைகளில் எழுதி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். இது புது முறை, மனதில் நன்றாகப் பதியும் என்று கூசாமல் பொய் சொன்னேன். மழலைப் பள்ளியில் ஆ, ஆடு என்று காட்டுகிற மாதிரி இருந்தது. ஜெயவேலு வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை ஜீவிதா அட்டைகளை வாங்கி மேஜைமேல் அடுக்கி வைத்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அட்டையப் படிச்சா எனக்குப் பயமே வரல. பயம் வந்தாதான சார் பழக முடியும்? நாளைக்கு வீடியோ கால்தான். நீங்க உள் ரூம்ல இருந்து எனக்கு கால் பண்ணுங்க. கேமராவ ஆஃப் பண்ணிட்டுக் கேளுங்க. மூஞ்சி தெரியாத குரல்னாதான் எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது."

"அதெல்லாம் வேண்டாம்மா. பயத்தை வலிய இழுத்துக்கக் கூடாது."

"நாளைக்கு அது தானா வரும் சார். இங்க வந்தா நீங்க இருக்கீங்க."

நீங்க இருக்கீங்க என்றாள். மறுக்க என்ன காரணம் சொல்வது? உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். லேப்டாப்பைத் திறந்தேன். கேமராவை அணைத்தேன். விரல் அந்தப் பொத்தானைத் தானாகவே தேடிப் போனது. திரையில் அவள் முகம் வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போடுவது காதிலும் கேட்டது, லேப்டாப்பிலும் கேட்டது. அன்றைக்கும் இந்த முகத்தை இதே அளவில் பார்த்தேன். அப்போது பின்னால் ஒரு நாள்காட்டி தொங்கியது. புதுத் தாலிக் கயிறு மஞ்சளாகத் தெரிந்தது.

கரகரப்பைக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம் என்னைத் தள்ளிவிட்டு அதுவாகவே பேசியது.

"தேங்க் யூ ஃபார் ஜாயினிங் திஸ் கால் அட் ஷார்ட் நோட்டீஸ்."

சொன்ன பிறகுதான் அது எந்தக் காகிதத்தின் முதல் வரி என்று உறைத்தது. திரையில் அவள் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, கண் சிமிட்டினாள். கை கழுத்தருகே போனது.

"சார்," என்றாள் மெதுவாக. "இந்த வரி..."

தப்பித்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எண்ணமே இல்லை.

"எல்லா எச்.ஆரும் சொல்ற வரிம்மா அது. எங்க போனாலும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. பழகிக்கோங்க."

அவள் நம்பிவிட்டாள். உடனே நம்பிவிட்டாள்.

"ஆமால்ல. ஸாரி சார். எனக்குத்தான் எதைப் பாத்தாலும் அதுவாவே தெரியுது. நீங்க கேளுங்க."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு கேட்டேன். பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?

இந்தத் தடவை அவள் உறையவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, நான் சொல்லிக் கொடுத்த இடத்தில் மூச்சு விட்டு, நான் சொல்லிக் கொடுத்த வேகத்தில், சுத்தமான இங்கிலீஷில் பதில் சொன்னாள். பழைய வேலையில் நான் ஏதோ ஒரு தவறு செய்துவிட்டேன். அது என்ன தவறு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டேன், இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்டி சார்? திக்காம சொல்லிட்டேன்ல? நேத்து வீட்டுல உக்காந்து நானே எழுதினேன். உண்மையாவும் இருக்கணும், அழுகையும் வரக் கூடாதுன்னு."

பதினாறு மாதமாக இந்தப் பெண் தினம் தன்னைத் தோண்டித் தோண்டிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் கிடைத்ததாகவே ஒப்புக்கொண்டுவிட்டாள். நாளைக்கு நாலு பேர் முன்னால் இதைச் சொல்வாள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆயுசுக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதுவும் என்னிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு.

"சார்? கேக்குதா?"

நான் தப்பித்தாகிவிட்டது. அவள் நம்பிவிட்டாள். பதில் நல்லா இல்லம்மா, வேற மாதிரி சொல்லலாம் என்று திருத்திக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினால் முடிந்தது. காமு முகம் வந்தது. சின்மயி முகம் வந்தது. வக்கீல் நோட்டீஸ், ராகவேந்திரா, படியில் நின்று பார்க்கிற ஜெயவேலு, எல்லாம் வந்தது. அந்தப் பயத்தோடுதான் கேமராவைப் போட்டேன்.

திரையின் மூலையில் என் முகம் தெரிந்தது. நன்றாக இல்லை.

"ஜீவிதா, அந்தப் பதில நாளைக்குச் சொல்லாதீங்க. அது உண்மை இல்ல. நீங்க ஒரு தப்பும் பண்ணல. அந்தக் கால்ல பேசினது நான்."

அவள் திரையைப் பார்த்தாள். நான் நிறுத்தினால் மறுபடி பேச மாட்டேன் என்று தெரியும். அதனால் நிறுத்தவில்லை. இரண்டு ஜீவிதா, ஒரே எழுத்து, பார்க்காமல் விட்ட நம்பர், இரண்டு மணிக்கு வந்த போன், ராகவேந்திரா சொன்னது, நான் சரி என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

அவள் லேப்டாப்பை மூடினாள். என் திரை கறுத்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், கத்தினால் கேட்டுக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாமல் கீழே இறங்கிப் போய்விடுவாளோ என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அன்னைக்கே. மத்தியானம் ரெண்டு மணிக்கு."

"ரெண்டு மணிக்கு நான் ஆபீஸ் லேப்டாப்ப டப்பால போட்டு டேப் ஒட்டிக்கிட்டு இருந்தேன் சார். கொரியர்காரன் மறுநாள்தான் வந்தான். ராத்திரி பூரா அந்த டப்பா ஹால்லயேதான் இருந்துச்சு."

நான் என் லேப்டாப்பை மூடினேன்.

"எழுதிக் குடுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"இப்ப சொன்னத. நீங்க யாரு, என்ன பண்ணீங்க, எப்போ தெரிஞ்சுது. எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"அத வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரியல சார். மோகன்ராஜ்கிட்ட கேக்கணும். வக்கீல்கிட்ட போனாலும் போவேன். மொதல்ல எங்கப்பாகிட்ட காட்டணும்."

இழுப்பறையைத் திறந்தேன். கட்டைப் பிரித்து முதல் தாளை எடுத்தேன். மேலே 'நேர்முகம்', அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் என் முழுப்பெயர், போன் நம்பர், கேம்ப் ரோடு விலாசம். காமு ஆசையாக அச்சடித்தது. யார் வேண்டுமானாலும் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு தாள் போதும். மையத்தின் முதல் கடிதம் இதுவாக இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வேன்?

தேதி போட்டேன். எம்ப்ளாயி நம்பர் என்று எழுதினேன். அவள் நம்பரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் எழுதிவிட்டிருந்தேன். ஆறு இலக்கம். அந்த இரண்டு மணியிலிருந்து எனக்கு மனப்பாடம். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது பெயர். பேனா காகிதத்தைத் தொட்டு நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"இனிஷியல் என்ன போடட்டும்மா?"

கீழே தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ தாம்பரம், தாம்பரம் என்று கூவிக்கொண்டு போனது.

"இந்த ஒரு கேள்விய அன்னைக்குக் கேட்டிருந்தா போதும் சார்" என்றாள். பிறகு நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ரெண்டையும் போடுங்க. கே. எம். ஜீவிதா."